கிட்டம்மாளின் நாற்பத்தொரு கோபம்

அன்றைக்கு அந்த முன்னறையில் இருந்தவர்கள் ஏழு பேர். கணினிக்குச் சொந்தக்காரர் தண்டபாணி வாத்தியார், முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ருக்மணி, சமையலறையில் இருந்த இன்னொரு போனை நிமிடத்துக்கு ஒரு தரம் எடுத்துக் காதில் வைத்து, இன்டர்நெட் வந்துவிட்டதா என்று பார்ப்பவள். டிவியும் ரேடியோவும் பழுது பார்த்துப் பிறகு கணினிக்கும் கை வைத்த அன்வர் பாய். போன் லைன்மேன் சென்னியப்பன். மேசையைத் தூக்கிப் போட வந்த ஆறுச்சாமி, சாயப்பட்டறையில் மூன்றாம் தொட்டியில் வேலை செய்பவன். யாரும் கூப்பிடாமல் வந்த எதிர்வீட்டுப் பூவாத்தாள். ஏழாவதாக, செருப்பை வெளியே விட்டுவிட்டு நிலையோரம் நின்றிருந்த கிட்டம்மாள், மில்லில் நூலைக் கோனில் சுற்றுகிறவள், ஐந்தாவது வரை படித்தவள், எதையும் எண்ணாமல் விடாதவள். ஏழு பேர் என்று எண்ணியதும் அவள்தான்.

எட்டுமரத்துப்புதூரில் அதுதான் முதல் மோடம். போன் லைன் வழியாக இன்டர்நெட்டைக் கொண்டுவரும் சின்னப் பெட்டி, நெற்றியில் வரிசையாகச் சிவப்பு விளக்குகள். வாத்தியாருக்கு மெல்போர்னில் இருக்கும் மகளின் கடிதம் வேண்டும். கிட்டம்மாளுக்கு ஒரு விலாசம் வேண்டும். அவள் புருசன் மாரப்பன் மூன்று வருடம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை வரதராசுவின் சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போனான், கழிவுத் தொட்டியைக் கழுவ இறக்கினார்கள், உள்ளே இருந்த காற்று அவனைக் கொன்றது, சாயம் ஏற்றாத கோராத் துணியில் சுற்றி டெம்போவில் கொண்டுவந்து வாசலில் கிடத்தி, ரோட்டோரம் விழுந்து கிடந்தான் என்றார்கள். பட்டறையின் வருகைப் பதிவேட்டில் அந்தச் செவ்வாய்க்கு நேராகச் சிவப்பு மையில் 'வரவில்லை' என்று எழுதியிருந்தது. அவள் கேட்பது ஒன்றுதான். அந்தச் சிவப்பை அடித்து, 'வந்தான்' என்று எழுத வேண்டும். பதினோரு மனு போட்டாள். பதினொன்றும் போன இடம் தெரியவில்லை. தொழிலாளர்களுக்கென்று புதிதாக ஓர் ஆணையம் வைத்திருக்கிறார்களாம், அதன் விலாசத்தை இன்டர்நெட்டில் பார்த்துச் சொல்கிறேன் என்று வாத்தியார் சொல்லியிருந்தார்.

காலை ஒன்பதரைக்குத் தொடங்கி இருபத்தொரு தடவை டயல் பண்ணிப் பார்த்தார்கள். வயரை மாற்றினார்கள். டியூப் லைட்டின் இரைச்சல் லைனில் ஏறுகிறது என்று மேசையை ஜன்னல் பக்கம் போட்டார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள், எல்லாருக்கும் வேர்த்தது. வெளியே சுவரில் இருந்த பெட்டியைச் சென்னியப்பன் திறந்து, உள்ளே குடியிருந்த பல்லியை வெளியேற்றினான். ஒவ்வொரு தடவையும் மோடம் நம்பரைச் சுற்றும், தகரத்தை ரம்பத்தால் அறுப்பது போலக் கத்தும், பிறகு தொண்டையில் சோறு சிக்கியது போல நின்றுவிடும்.

"லைன் கண்ணாடியாட்ட இருக்குதுங்க சார். கோளாறு பொட்டீல" என்றான் சென்னியப்பன்.

"பொட்டி நல்ல பொட்டி. உம்பட லைன்லதான் கொரகொரன்னு சளி கட்டியிருக்குது" என்றார் அன்வர் பாய்.

"சளி கட்டுனா கசாயம் குடுங்க பாய், எதுக்கு என்னயக் கூப்புட்டீங்க?"

இருபத்திரண்டாவது தடவை மோடம் கத்தத் தொடங்கியபோது பூவாத்தாளும் கத்தத் தொடங்கினாள். அவள் கிணற்றில் அன்று காலை தண்ணீர் நீலமாக வந்திருந்தது, அதில் நனைந்த அவளுடைய மூன்று வெள்ளைக் கோழிகளும் நீலமாகியிருந்தன, அதைப் பார்த்து ருக்மணி சிரித்திருந்தாள்.

"சிரிச்சயில்ல, வாத்தியாரூட்டுக்காரி, நல்லாச் சிரி! நாளைக்கு உம்பட கெணத்துல செவப்பா வரும், அப்ப ரத்தத்துலயே ரசம் வெச்சு உம்புருசனுக்கு ஊத்து! அந்த வரதராசு குடும்பம் வெளங்குமா, அவன் குடிக்கற தண்ணி..."

அவ்வளவுதான் சொன்னாள். மோடம் மூச்சை உள்ளே இழுப்பது போல ஒரு சத்தம் போட்டது, விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து நிலைத்தன, திரையில் இணைப்பு வந்துவிட்டதாக எழுத்து வந்தது. பூவாத்தாள் வாயைத் திறந்தபடி நின்றாள்.

"என்னமோ சொல்ல வந்தனே" என்றாள். பிறகு ருக்மணியைப் பார்த்து, "ஏனுங்கக்கா, மோர் இருந்தாக் கொஞ்சம் குடுங்" என்றாள்.

இணைப்பு பதினேழு நிமிடம் நின்றது. வாத்தியார் மகளின் கடிதத்தைத் திறந்து படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். ஆணையத்தின் விலாசத்தை மறந்துவிட்டார். பதினேழு நிமிடம் முடிந்ததும் விளக்குகள் அணைந்தன. அன்வர் பாய் ஆச்சரியப்படவில்லை. மின்சாரத்துக்கு ஓடும் பெட்டி உண்டு, பேட்டரிக்கு ஓடும் பெட்டி உண்டு. தன் ரசீது நோட்டில் 'கோபத்தில் ஓடுகிறது, அருகில் இருந்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுத்தார்.

கிட்டம்மாள் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். அன்றைக்கு வீட்டில் போய் ஒரு நூலில் ஒரு முடிச்சுப் போட்டாள்.

அது மில்லில் இருந்து கொண்டுவந்த இருபதாம் நம்பர் பருத்தி நூல். மாரப்பன் செத்த பதினாறாம் நாளில் இருந்து அதில் அவள் முடிச்சுப் போட்டு வந்தாள், ஒரு கோபத்துக்கு ஒரு முடிச்சு. 'வரவில்லை' என்று எழுதிய கணக்கனுக்கு ஒன்று, தொட்டியில் இறங்கச் சொன்ன மேனேஜருக்கு ஒன்று, முதலாளிக்கு ஒன்று, மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்துவிட்டு மாரடைப்பு என்று எழுதிய டாக்டருக்கு ஒன்று. துக்கத்துக்கு வந்த இடத்தில் தோடு எங்கே என்று கேட்ட நாத்தனாருக்கு ஒன்று, லீவு தராத மில் மேஸ்திரிக்கு ஒன்று. முப்பத்தேழு முடிச்சு இருந்தது. வாத்தியாருடையது முப்பத்தெட்டாவது.

அதற்குப் பிறகு அந்தத் தெரு மோடத்துக்குப் பழகிவிட்டது, புதுமருமகளுக்கு வீடு பழகுவது போல, ஒரு வாரத்தில் யாருக்கும் அது புதிதாகவே தோன்றவில்லை. வாத்தியார் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, இன்னார் கோபம் இத்தனை நிமிடம் என்று எழுதி வைத்தார். பஸ் நிற்காமல் போன கோபம் மூன்று நிமிடம். ரேசன் கடைக்காரன் மேல் பதினொரு நிமிடம். மாமியார் மேல் மருமகளுக்கு இருபத்தாறு, மருமகள் மேல் மாமியாருக்கு இருபத்தாறரை. கோயில் கமிட்டியின் இரண்டு கட்சியும் ஒரே மத்தியானத்தில் வந்து உட்கார்ந்து, தேர்வடத்தை யார் முதலில் தொடுவது என்ற ஒன்பது வருடக் கோபத்தை இறக்கி வைத்தபோது மூன்று மணி நேரம் இணைப்பு அறாமல் நின்றது. அந்த மூன்று மணி நேரத்தில் வாத்தியார் பேரக்குழந்தையின் படத்தை உச்சந்தலையில் இருந்து தாடை வரைக்கும் பார்த்தார், கழுத்து வருவதற்குள் கமிட்டியின் கோபம் தீர்ந்துவிட்டது. கல்யாணம் பேசி முடித்தால் இரண்டு வீட்டாரையும் முதலில் மோடத்தண்டை கூட்டிவந்து உட்காரவைத்து எழுப்புவது முறையாயிற்று, அந்த மோடத்துக்கு விளக்குகளின் நடுவே பொட்டு வைப்பதும் முறையாயிற்று. டீக்கடையில் கூட்டம் குறைந்தது, யாரையும் யாரும் திட்டாத இடத்தில் எத்தனை டீதான் குடிக்க முடியும். அவுட்போஸ்ட் போலீஸ்காரர் தக்காளிச் செடி வைத்தார்.

முதலில் எல்லாரும் கொண்டுவந்து இறக்கியது எது தெரியுமா? சாயத் தண்ணீர்க் கோபத்தைத்தான். அதுதான் ஊரிலேயே பெரியது, ஆளுக்கு நாற்பது நிமிடத்துக்குக் குறையாமல் ஓடும், அதைக் கொண்டுவந்தவனுக்கு வாத்தியார் வீட்டில் நாற்காலி போட்டார்கள். இத்தனை நிமிடம் என்னுடையது என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை. எட்டுமரத்துப்புதூர்க்காரர்கள் அப்படித்தான், வெள்ளாமையிலும் முதல் மூட்டையைக் கொடுத்துவிட்டுத்தான் மற்றதை எண்ணுவார்கள். இப்படி அறுபத்துமூன்று வீட்டின் கிணற்றுக் கோபமும் இரண்டு மாதத்தில் போயிற்று. திங்கட்கிழமை தண்ணீர் சிவப்பாக வந்தால் சிவப்புப் புடவையை அன்று துவைத்தார்கள். செவ்வாய் நீலத்துக்கு நீலம். குழந்தைகளின் நகக்கண்ணில் பச்சை ஏறியது, பார், மருதாணி மாதிரி இருக்கிறது என்றார்கள்.

வரதராசு முதலாளி இதைக் கவனிக்காமல் இருப்பாரா? வாத்தியார் வீட்டுக்குப் பழத்தட்டோடு வந்தார். மோடத்துக்கென்று தனியாக ஒரு லைன் இழுத்துக் கொடுத்தார், கரண்ட் போனாலும் ஓடட்டும் என்று பேட்டரி கொடுத்தார், உட்காருகிறவர்களுக்கு வலிக்கக்கூடாது என்று பஞ்சு வைத்த ஸ்டூல் ஒன்று கொடுத்தார். "மனுசனுக்குக் கோவத்த எறக்கி வெக்கறதுக்கு ஒரு எடம் வேணுமில்லீங்களா" என்றார். பட்டறையின் நூற்று நாற்பது ஆட்களையும் ஷிப்டுவாரியாக வேனில் ஏற்றி அனுப்பினார். அவர் மட்டும் அந்த ஸ்டூலில் உட்காரவில்லை.

பஞ்சு ஸ்டூலுக்குக் கிட்டம்மாள் ஒரு முடிச்சுப் போட்டாள். முப்பத்தொன்பது.

மோடத்தின் சத்தம் கேட்கும் தூரத்துக்குள்ளேயே அவள் போவதில்லை. தெருவைச் சுற்றி, இருநூற்றுப் பன்னிரண்டு அடி கூடுதலாக நடந்து மில்லுக்குப் போனாள். எங்கே தன்னுடையதையும் உறிஞ்சிவிடுமோ என்று காதில் கழிவுப் பஞ்சை அடைத்துக்கொண்டாள்.

ஆணையத்தின் விலாசத்தை இரண்டு மாதம் கழித்து அன்வர் பாய்தான் கண்டுபிடித்துச் சொன்னார். பன்னிரண்டாவது மனு போயிற்று. மார்கழியில் பதில் வந்தது: தை பதினெட்டாம் தேதி கலெக்டர் ஆபீசில் விசாரணை, ஆதாரம் அனைத்தையும் அதற்கு முன், தை பன்னிரண்டு மாலை ஐந்து மணிக்குள், இமெயிலில் மட்டும் அனுப்ப வேண்டும், தபாலில் வருபவை ஏற்கப்படா, சாட்சிகளை நேரில் அழைத்து வரவும்.

கிட்டம்மாளிடம் இருபத்துமூன்று பக்கம் இருந்தது. கடைசிப் பக்கம்தான் எல்லாவற்றிலும் பெரிது. பட்டறைக்கு டீ கொடுத்தவனின் நோட்டில் இருந்து ஒரு தாள்: அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து பத்துக்கு டீ குடித்தவர்கள் வரிசையில், இருபத்தொன்பதாவதாக, மாரப்பன் தன் கையாலேயே கோணலாகப் போட்ட கையெழுத்து. டீக்காரனுக்குக் கோபம் இருந்த நாளிலேயே அதை வாங்கி வைத்துவிட்டாள். சாட்சிக்கு ஆறுச்சாமி இருந்தான். அன்றைக்கு மாரப்பனோடு ஒரே சைக்கிளில் போனவன், செத்த வீட்டில் மண்ணை அள்ளிச் சத்தியம் பண்ணியவன்.

அவன் வீட்டுக்குப் போனாள். ஆறுச்சாமி வாசலில் உட்கார்ந்து பச்சைத் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருந்தான்.

"வுடுங்கக்கா" என்றான். முகம் துடைத்த பாத்திரம் போல இருந்தது. "அவியளும் பொழைக்கோணுமில்லீங். மேனேஜரு நல்ல மனுசனாட்டத்தான் இருக்கறாரு."

"ஆறுச்சாமி, நீ மண்ண அள்ளுனயல்லோ?"

"அள்ளுனனுங். எதுக்கு அள்ளுனன்னுதான் இப்ப ரோசனை வரமாட்டீங்குது."

"உன்னய எத்தன நிமிசத்துக்கு வித்த?"

"நாப்பத்தெட்டுங்கக்கா" என்றான், கொஞ்சம் பெருமையாக.

அவன் கன்னத்தில் அறைய ஓங்கிய கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டு வந்தாள். நாற்பதாவது முடிச்சு. எதிரில் வந்த பூவாத்தாள், இடுப்பில் நீலக் கோழியோடு, "போனவரு திரும்பியா வரப்போறாரு, மனசக் கொஞ்சம் எறக்கி வையேன் கிட்டு, நானே கூட்டீட்டுப் போறன்" என்று ஆதரவாகச் சொன்னாள். நாற்பத்தொன்று.

தை பன்னிரண்டு காலை பதினோரு மணிக்கு இருபத்துமூன்று பக்கத்தையும் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனாள். அன்வர் பாய் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் பண்ணினார். ஒரு பக்கம் போகப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும், ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் அனுப்ப வேண்டும் என்றார். ஓட்டுவதற்குத்தான் ஊரில் கோபம் இல்லை. வாத்தியார் தெருவுக்குப் போய் ஒன்பது வீட்டில் கேட்டுவிட்டு வந்தார். கொசுக் கடித்தது, உப்புக் கரித்தது என்று கிடைத்ததெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்றரை நிமிடம் வந்தது.

"உங்கிட்டதான் இருக்குது கிட்டம்மா" என்றார் வாத்தியார். "ஆனா அதையும் இதுல போட்டுட்டா, பதினெட்டாந்தேதி அங்க நின்னு நீ என்ன பேசுவ? வுடுங்க, பாவம்னு நீயும் சொல்லீட்டு வந்துருவ."

"எம்பட கோவம் ஒண்ணில்லீங்க சார்" என்றாள் கிட்டம்மாள். இடுப்பில் இருந்து நூலை எடுத்தாள். "நாப்பத்தொண்ணு இருக்குது. எது போலாம், எது இருக்கோணும்னு நாந்தான் சொல்லுவன்."

கணக்கு வாத்தியாருக்கே அவள் சொன்ன கணக்கு அன்றுதான் புதிதாக இருந்தது. அவர் எழுந்து அவளுக்கு நாற்காலி போட்டார். அவள் பஞ்சு ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

முதலில் நாத்தனார். "தோடு எங்கன்னு கேட்டயே, எம்பட காதப் பாத்தயே தவிர மொகத்தப் பாத்தியா நீ" என்றாள், மோடம் மூச்சை இழுத்தது, விளக்குகள் நிலைத்தன, முதல் பக்கம் போயிற்று, ஒரு முடிச்சை அவிழ்த்தாள், நாத்தனாரின் முகம் நினைவில் சாதாரண முகமாக ஆயிற்று. இரண்டாவது பக்கத்துக்கு மில் மேஸ்திரி. மூன்றாவதுக்குச் சாவுக்கு மேளம் அடிக்க வந்த தப்படிக்காரன் பாதியில் போனது, அது போதவில்லை, கூடவே அன்றைக்குப் பெய்த மழையும் சேர்ந்தது. நான்காவதுக்கு வாத்தியார்.

"பதினேழு நிமிசம் ஓடுச்சுங்க சார். ஒரு நிமிசம் எனக்குன்னு ஒதுக்கியிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்? வெலாசத்துக்கு ரெண்டு மாசம் நான் சுத்தியிருக்க வேண்டாமே" என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். வாத்தியார் தலை குனிந்து சுட்டியைப் பிடித்திருந்தார். பக்கம் போயிற்று.

பன்னிரண்டரை மணிக்கு வரதராசு முதலாளி அந்தப் பக்கம் வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தார். தரையில் உட்கார்ந்து கிட்டம்மாள் மோடத்திடம் கத்திக்கொண்டிருப்பதைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. மூன்று வருடமாக இந்த ஒருத்திக்காகத்தானே அவர் காத்திருந்தார்.

"வந்துட்டயா தாயி! நல்லது. எல்லாத்தையும் கொட்டிரு, ஒண்ணுகூட மிச்சம் வெக்காத" என்றார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அவளுக்குக் கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். தெருவில் ஆரன் அடித்த டெம்போக்காரனை, உள்ளே தொந்தரவாக இருக்கும் என்று அதட்டி அனுப்பினார். அவர் காவல் இருக்க, அவர் இழுத்துக் கொடுத்த லைனில், அவர் கொடுத்த பேட்டரியில், அவர் மேல் போட்ட வழக்கின் ஆதாரம் பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அன்வர் பாய் வாயில் கைக்குட்டையை வைத்து இருமினார்.

பதினான்கு பக்கம் போனபோது பதினேழு முடிச்சு அவிழ்ந்திருந்தது. சிறு கோபங்கள் மூன்று இடத்தில் இரட்டையாகப் போக வேண்டியிருந்தது. மிச்சம் இருபத்துநான்கு. பதினைந்தாவது பக்கம் முக்கால்வாசி போயிருந்தபோது விளக்குகள் அணைந்தன. ருக்மணி சமையலறையில் போனை எடுத்திருந்தாள். முதலாளி கொடுத்த புது லைன் என்று அவள் அந்தப் போனையும் அதிலேயே மாட்டச் சொல்லியிருந்தாள்.

"வந்துருச்சான்னு பாத்தனுங்க" என்றாள் ருக்மணி, போன் கையோடு கதவருகில் நின்று. அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.

ஒரு கோபம் வீணாகப் போயிற்று. டெம்போ டிரைவருடையது; கோராத் துணியைத் திரும்பத் தரச் சொல்லி நின்றானே, அந்தக் கோபம். இருபத்துமூன்று.

"அஞ்சு மாசமா எடுத்தெடுத்து வெக்கறயே, உனக்கு வெக்கமாயில்ல? அத எடுத்தா அந்து போவும்னு ஊருக்கே தெரியும், உனக்கு மட்டும் தெரியாதா? கையா அது, கரண்டியா? எம்புருசன் அந்த வயருக்குள்ள நிக்கறான்டி, பாதி ஒடம்போட நிக்கறான்!" என்று கிட்டம்மாள் கத்தினாள். மோடம் தானாகவே இழுத்துக்கொண்டது; டயல் பண்ண அன்வர் பாய் கை வைத்திருந்தார் போலும். பதினைந்தாவது பக்கம் அந்தப் புதுக் கோபத்திலேயே போயிற்று. முடிச்சுப் போடவும் நேரமில்லை, அவிழ்க்கவும் வேலையில்லை. மிச்சம் அதே இருபத்துமூன்று.

பதினாறில் இருந்து இருபத்திரண்டு வரை ஏழு பக்கம், ஏழு கோபம். பூவாத்தாள் போனாள். பஞ்சு ஸ்டூல் போயிற்று. மண்ணை அள்ளிய ஆறுச்சாமியும் போனான், அவனை விடுவதற்கு அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். மிச்சம் பதினாறு. மணி நாலு முப்பத்தைந்து. கடைசிப் பக்கம், டீ நோட்டின் தாள். கையெழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று அன்வர் பாய் அதைப் பெரிதாக ஸ்கேன் பண்ணியிருந்தார். இருபது நிமிடமாவது வேண்டும். இடையில் அறுந்தால் மறுபடி அனுப்ப நேரமில்லை.

பதினாறு முடிச்சையும் விரலால் தடவிப் பார்த்தாள். எல்லாம் பெரிய கோபம், எல்லாம் பதினெட்டாம் தேதிக்கு வேண்டியவை. கணக்கனை விட முடியாது. மேனேஜரை விட முடியாது, டாக்டரை விட முடியாது, வாசலில் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவரை விடவே முடியாது. ஒன்று மட்டும்தான் அங்கே கொண்டுபோய் யாரிடமும் சொல்ல முடியாதது. நூலின் முதல் முடிச்சு. அதுதான் எல்லாவற்றிலும் இறுகிப்போயிருந்தது.

"டயல் பண்ணுங்க பாய்" என்றாள்.

மோடம் கத்தத் தொடங்கியது. கிட்டம்மாள் குரலை உயர்த்தவில்லை.

"காச்சலு, போவேண்டான்னு சொன்னன். சொன்னனா இல்லியா? கஞ்சி காச்சி வெச்சிருந்தன். ஆறுச்சாமி சைக்கிள்ல வந்து பெல் அடிச்சான். ஒரு நாளுதானேன்னு சொன்னீங்க. எறங்கச் சொன்னா எறங்கீருவீங்களா? மாட்டன்னு ஒரு வார்த்த வாயில வராதா? அத்தன பேரு நிக்கறாங்க, எதுக்கு நீங்க மட்டும் மொதல்ல எறங்குனீங்க? யாரக் கேட்டுச் செத்தீங்க?"

விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. எப்போதும் மினுக்கும் கடைசி விளக்குகூட அசையாமல் நின்றது. இருபத்தொரு நிமிடத்தில் கையெழுத்து போய்ச் சேர்ந்தது, நாலு ஐம்பத்தொன்பதுக்கு ஆணையத்தில் இருந்து இருபத்துமூன்று பக்கமும் கிடைத்தது என்று பதில் வந்தது, அதற்குப் பிறகும் இணைப்பு அறவில்லை. ஒரு மணி நேரம் நின்றது, ஒன்றேகால் மணி நேரம் நின்றது. மெல்போர்ன் படத்தில் கழுத்தும் மிச்சமும் பார்க்க வாத்தியாரின் கை சுட்டியின் பக்கம் போயிற்று, பிறகு அவரே கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். யாரும் எதையும் திறக்கவில்லை. அந்தக் கோபம் தானாக எரிந்து தீரட்டும் என்று எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். கோபம் போன இடத்தில் கிட்டம்மாளுக்கு வெறுமனே மாரப்பன் இருந்தான், காய்ச்சல் உடம்போடு, சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து திரும்பிப் பார்த்துக்கொண்டு. மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவள் அழுதாள். வாசலில் முதலாளி அந்த அழுகையைக் கேட்டு, தீர்ந்தது என்று எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு போனார்.

தை பதினெட்டு காலையில் அவள் ஆறுச்சாமி வீட்டுக்குப் போய் அவன் கையைப் பிடித்து, "வா" என்றாள். அவன் வந்தான். மாட்டேன் என்று சொல்வதற்கும் கொஞ்சம் கோபம் வேண்டும்; அவனிடம் அது இல்லை. பட்டறையின் நூற்று நாற்பது பேரில் யாரை அவள் கூப்பிட்டிருந்தாலும் வந்திருப்பார்கள். முதலாளி இதை யோசிக்கவில்லை.

கலெக்டர் ஆபீசின் நீள அறையில் ஆணையத்தின் அம்மாள் உட்கார்ந்திருந்தார், கண்ணாடி போட்டவர், அவசரப்படாதவர். கிட்டம்மாள் எழுந்து நின்றாள். நூலைக் கையில் வைத்து ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுத் தொட்டு, கணக்கன் முகத்தைப் பார்த்துக் கணக்கனுடையதையும், மேனேஜர் முகத்தைப் பார்த்து மேனேஜருடையதையும், டாக்டர் முகத்தைப் பார்த்து டாக்டருடையதையும், வரதராசு முகத்தைப் பார்த்து அவருடையதையும் சொன்னாள். மூன்று வருடம் உள்ளே இருந்து கூர் தீட்டிய சொற்கள் அவை, ஒன்றுகூட மழுங்கியிருக்கவில்லை. ஒன்றும் உறிஞ்சப்படவும் இல்லை. மோடத்திடம் சொன்னால் குறைகிற கோபம், உரியவன் முகத்தைப் பார்த்துச் சொன்னால் குறைவதில்லை என்பது அவளுக்கு அன்றைக்குத் தெரிந்தது.

முதலாளிக்குத்தான் கோபம் வந்தது. "எல்லாத்தையும் கொட்டீட்டயல்லோ! நானே ஒக்காந்து பாத்தனே!" என்று எழுந்து நின்று கத்தினார்.

"உக்காருங்க" என்றார் அம்மாள். ஆறுச்சாமியைப் பார்த்து, "மாரப்பன் அன்னைக்கு வேலைக்கு வந்தாரா?" என்று கேட்டார்.

"வந்தாருங்க" என்றான் ஆறுச்சாமி, மழை வந்ததா என்று கேட்டதற்குச் சொல்வது போல. "எங்கூட சைக்கிள்லதான் வந்தாரு. டீ குடிச்சோம். அப்புறம் மேனேஜரு தொட்டீல எறங்கச் சொன்னாரு. அவரு எறங்குனாருங்க. நான் மேல நின்னனுங்க."

அம்மாள் டீ நோட்டின் கையெழுத்தைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். கணக்கனைக் கூப்பிட்டு, சிவப்பு மையை அடித்து, பக்கத்தில் நீல மையில் எழுதச் சொன்னார். அவன் 'வந்தார்' என்று எழுதித் தேதி போட்டான். மற்றதற்கெல்லாம் அடுத்த விசாரணை மாசி ஒன்பது என்றார் அம்மாள்.

கிட்டம்மாள் அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தாள். பிறகு வெளி வராந்தாவில் வந்து நின்று, கணக்கனுடைய முடிச்சை நகத்தால் நெருடி, பல்லால் கடித்து, தானே அவிழ்த்தாள். நூலை மறுபடியும் ஒரு தடவை விரலில் ஓட்டி எண்ணினாள். பதினான்கு.